கவுன்சிலிங்குக்கு முன் எதற்கெல்லாம் அலைய வேண்டும்?

கேள்வி: தம்பி பொறியியல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிக்கிறான். வருஷச் செலவு 1 லட்சம் ஆகும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை. எதில் தொடங்கலாம்?

பதில் 1: முதல் பட்டதாரிச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் இப்போதே போடுங்கள். கட்டணச் சலுகை கவுன்சிலிங் சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

பதில் 2: கல்விக் கடனுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க வித்யாலட்சுமி போர்ட்டல். 4 லட்சம் வரை அடமானம் கிடையாது, மார்ஜினும் (நாம் கையிலிருந்து போடும் பங்கு) கிடையாது. பெற்றோர் கூட்டுக் கடன்தாரர். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் வருமானச் சான்றிதழோடு வட்டி மானியம் (படிக்கும் கால வட்டியை அரசே கட்டுவது) கேளுங்கள். அந்த மானியத்துக்கு, கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. (NBA) தர அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பதில் 3: மானியம் இல்லாவிட்டால் தயவுசெய்து படிக்கும்போதே வட்டியைக் கட்டிவிடுங்கள். வருஷம் 1 லட்சம் கடன், 10% தனிவட்டி என்றால் வருஷா வருஷம் வட்டி 10, 20, 30, 40 ஆயிரம்: நாலு வருஷத்தில் வட்டி மட்டும் 1 லட்சம். கட்டாவிட்டால் அது அசலோடு சேர்ந்து இஎம்ஐ ஏறும்.