கார்டியாக் அரெஸ்ட்டுக்குப் பின் என்.எஸ்.இ 74: எவ்வளவு தூரம் நம்பலாம்?

டியூட்டி டாக்டர்
சிபிஆரில் இதயம் திரும்பிய நோயாளி, இன்னும் வென்டிலேட்டரில், நினைவு இல்லை. என்.எஸ்.இ (மூளை நரம்பு செல் சேதமானால் ரத்தத்தில் ஏறும் நொதி) 24-வது மணியில் 31, 48-இல் 74 நானோகிராம்/மி.லி. இரண்டாவது ரிப்போர்ட்டில் ‘லேசான ஹீமோலிசிஸ்’ (சிவப்பணு உடைதல்) என்று குறிப்பு இருக்கிறது. மயக்க மருந்து புரோபோஃபால் இன்று காலைதான் நிறுத்தப்பட்டது. 60 என்ற எல்லையைத் தாண்டிவிட்டதால் தேற வாய்ப்பில்லை என்று குடும்பத்தாரிடம் சொல்லலாமா? டிராப்போனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டுவது), லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறுவது) உதவுமா?

லேப் பக்கம்
அந்த 74-ஐ வைத்து எதுவும் சொல்லாதீர்கள். என்.எஸ்.இ நரம்பு செல்லில் மட்டும் இல்லை. சிவப்பணுவிலும் தட்டணுவிலும் இருக்கிறது. லேசாகச் சிவந்த சீரம் என்றாலே எண் பொய்யாக ஏறும். மெல்லிய கேனுலா வழியே வேகமாக உறிஞ்சுவது, டியூபைக் குலுக்குவது, சென்ட்ரிஃபியூஜ் செய்யாமல் வார்டிலேயே வைத்திருப்பது, இவைதான் வழக்கமான காரணங்கள். ரத்தம் உறைந்ததும் தாமதிக்காமல் சுழற்றி சீரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். சாம்பிளில் சிவப்பணு எவ்வளவு உடைந்தது என்று காட்டும் ஹீமோலிசிஸ் இண்டெக்ஸையும் எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பொறி: எக்மோ (ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றும் கருவி), பலூன் பம்ப் (இதயத்துக்கு உதவும் கருவி) இருந்தால் உடலுக்குள்ளேயே சிவப்பணு உடையும். வெளியான ஹீமோகுளோபின் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், என்.எஸ்.இ-யின் அரை ஆயுளோ ஒரு நாளுக்கும் மேல். அதனால் சீரம் தெளிவாகத் தெரிந்தாலும் எண் உயர்ந்தே நிற்கலாம். சிவப்பணு உடைவதைக் காட்டிக்கொடுக்கும் ஹாப்டோகுளோபின், எல்டிஎச் டெஸ்ட்களையும் சேர்த்துப் பாருங்கள். சிறு செல் நுரையீரல் புற்றுநோய், நியூரோஎண்டோக்ரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வருவது) இருந்தாலும் என்.எஸ்.இ ஏறும்.

தீவிர சிகிச்சை
60 என்பது 2021 ஐரோப்பிய வழிகாட்டுதலில் உள்ள எல்லை. 48 அல்லது 72 மணியில் பார்க்க வேண்டும். ஆனால் அது தனியாக நிற்பதில்லை. அந்த வழிகாட்டுதல்படி முதலில் 72 மணி கடந்திருக்க வேண்டும், மயக்க மருந்தின் தாக்கம் போயிருக்க வேண்டும், மோட்டார் ஸ்கோர் (வலிக்குக் கை கால் அசையும் விதத்துக்கு 6-க்குத் தரும் மதிப்பெண்) 3-க்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். அதன்பின் இவற்றில் குறைந்தது இரண்டு: கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குவது, கார்னியாவைத் தொட்டால் இமைப்பது ஆகிய அனிச்சைகள் இரண்டுமே இல்லாமை, கை நரம்பைத் தூண்டும்போது மூளையில் பதிவாக வேண்டிய என்20 அலை இருபக்கமும் இல்லாமை, மிக மோசமான இஇஜி (மூளை மின் அலைப் பதிவு), 72 மணிக்குள் ஸ்டேட்டஸ் மயோக்ளோனஸ் (நிற்காமல் தொடரும் தசைத் துடிப்பு), சிடி/எம்ஆர்ஐயில் பரவலான ஆக்சிஜன் பற்றாக்குறைச் சேதம், 60-க்கு மேல் என்.எஸ்.இ.

பழைய 33 என்ற எல்லையை இன்னும் சிலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மூளையைக் காக்க உடலைக் குளிர்வித்த நோயாளிகளில் அதைத் தாண்டியும் நன்றாகத் தேறியவர்கள் உண்டு. உடலைக் குளிர்வித்திருந்தாலோ கிட்னி, கல்லீரல் பாதித்திருந்தாலோ மிடாசோலம், ஃபென்டனில் போன்ற மயக்க, வலி மருந்துகள் எதிர்பார்ப்பதைவிட நீண்ட நேரம் தங்கும். அந்த மயக்கத்தை மூளைச் சேதமாக வாசித்து சிகிச்சையை நிறுத்தினால், பிழைத்திருக்கக்கூடிய ஒருவரை நாமே இழக்கிறோம். எனக்கு இதில்தான் பெரிய பயம்.

டிராப்போனின் இதயத்தைப் பற்றித்தான் பேசும். ஷாக் கொடுத்தாலும் மார்பை அழுத்தினாலும் ஏறும். லாக்டேட்டை ரத்த ஓட்டம் சீராகிறதா என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பும் அட்ரினலினும்கூட அதை ஏற்றும்.

டியூட்டி டாக்டர்
நன்றி. மூளைச் சேதத்தைக் காட்டும் மற்ற புரத டெஸ்ட்கள், எஸ்100பி, நியூரோஃபிலமென்ட் லைட் அனுப்பலாமா?

லேப் பக்கம்
எஸ்100பி வேண்டாம், கொழுப்புத் திசுவிலிருந்தும் வருகிறது, சீக்கிரம் மறைகிறது. நியூரோஃபிலமென்ட் லைட் என்.எஸ்.இ-யை விடத் துல்லியம், ஹீமோலிசிஸால் கெடாது. முடிவு நேரத்துக்குக் கிடைக்கும் லேப் இருந்தால் அனுப்புங்கள்.

தீவிர சிகிச்சை
72-வது மணியில் சுத்தமான சாம்பிள், அதே லேப், அதே கருவி. அது 24-வது மணியின் 31-லிருந்து ஏறி 60-ஐத் தாண்டியிருந்தால் கவலைப்பட வேண்டிய போக்கு, இல்லையென்றால் இன்னும் காத்திருங்கள். இடையில் இஇஜி எடுத்துவிடுங்கள். குடும்பத்தாரிடம் இன்றைக்கு “மருந்து உடலை விட்டுப் போகணும், இன்னும் சில டெஸ்ட் பாக்கி இருக்கு, இப்ப எதுவும் உறுதியா சொல்ல முடியாது” என்பது மட்டும் போதும்.