ஜான் காண்டனின் குடும்பத்தைத் தேட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில் பிறந்து, 1915 மே 24 அன்று பெல்ஜியத்தில் ஈப்ர் நகருக்குப் பக்கத்தில் ஜெர்மானியர் நச்சுவாயு விட்ட நாளில் இறந்துபோன ஜான் காண்டன் என்ற சிப்பாயைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். மனசை விட்டுப் போகவே இல்லை. பூல்கபெல கல்லறையில் அவர் பெயருள்ள கல்லில் வயது 14 என்று இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த நேச நாட்டு வீரர்களிலேயே சின்னவர் என்று எத்தனையோ பேர் அங்கே போய்ப் பூ வைக்கிறார்கள். ஆனால் பிறப்புப் பதிவின்படி அவர் 1896இல் பிறந்தவர், அப்படியானால் இறந்தபோது 18. அங்கே புதைக்கப்பட்டிருப்பது அவர்தானா என்பதிலும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. 1923இல் கிடைத்த உடலை பூட்ஸ் துண்டில் இருந்த 6322 என்ற ராணுவ எண்ணை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். 14 ஆனாலும் 18 ஆனாலும் பிள்ளைதானே.

எனக்கு அவருடைய அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டும். 1901, 1911 ஐரிஷ் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, ஆனால் அந்தக் கையெழுத்து எனக்குப் புரியவில்லை. பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தால் கூட உட்கார்ந்து உதவுங்களேன். அப்புறம், வாட்டர்ஃபோர்டு பக்கம் இருப்பவர்கள் யாராவது, அங்கே 2014இல் திறந்த அவர் நினைவுச் சின்னத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?