ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசிக்கிறது: பழுதா, இயல்பா?

ஆனைமலைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகள் மாருதி ஜென் ஓட்டிப் பழகிய கால் என்னுடையது. அண்மையில் 2022-ஆம் ஆண்டு தயாரிப்பான, 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். மேனுவல் கியர், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

மூன்று குறைகள் என்னை உறுத்துகின்றன. வேகத்தடையில் ஏறி இறங்கிய பின் இரண்டாம் கியரிலேயே மிதித்தால், முதல் ஒரு விரற்கடைக்கு எதுவுமே நடப்பதில்லை. அதன் பிறகு யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல வண்டி பாய்கிறது. அடுத்து, கியர் மாற்றக் காலை எடுத்துக் கிளட்ச்சை அழுத்தினால், எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் உடனே இறங்காமல் ஏறக்குறைய ஒரு வினாடி அந்தரத்தில் நிற்கிறது. மூன்றாவதுதான் பயமுறுத்தியது. சென்ற வாரம் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நான்கு பேருடன் ஏறியபோது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கூடத் தாண்டியிருக்க மாட்டோம். ஒரு லாரியை முந்த முழுக்க மிதித்தும் இழுவை போதவில்லை.

பட்டறையில் ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, "எர்ரர் எதுவும் இல்லை, பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த வண்டி எல்லாமே இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். உதிரி அலங்காரப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவரோ, பெடலில் ஒரு சிறிய பெட்டியைச் செருகினால் பிக்கப் கூடிவிடும் என்கிறார். வாங்கலாமா?

நாலாம் கியர் எழுதியது:

நண்பரே, உங்கள் மூன்று குறைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். முதல் இரண்டும் ஒரு இனம், மூன்றாவது வேறு.

ஜென்னில் உங்கள் காலுக்கும் காற்றுப் பாதையில் இருக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கேபிள் இருந்தது. நீங்கள் மிதித்த அளவுக்குத் தகடு திறந்தது. தகட்டை இழுக்கும் ஸ்பிரிங்கின் விசையே உங்கள் பாதத்தில் தெரிந்தது. இப்போதைய பெடலில் கேபிள் கிடையாது. அதில் ஒன்றையொன்று சரிபார்க்கும் இரண்டு சென்சார்கள் உள்ளன; பல வண்டிகளில் ஒன்றின் வோல்டேஜ் மற்றதைப் போல இரு மடங்காக இருக்கும்படி அமைத்திருப்பார்கள். அந்தக் கணக்கு ஒத்துப்போகாவிட்டால், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ உடனே எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு வண்டியை மெதுவாக மட்டுமே ஓட விடும். உங்கள் காலில் படும் எதிர்விசையும் பெடலுக்குள்ளேயே இருக்கும் ஸ்பிரிங்கும் உராய்வுத் துண்டும் தருவதுதான். எஞ்சினில் என்ன நடக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கேபிள் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்குப் புதிய வண்டியின் பெடல் "செத்த பெடல்" போலத் தோன்றுவதற்கு இதுவே முதல் காரணம்.

ஆகவே நீங்கள் மிதிப்பது ஒரு விண்ணப்பம் மட்டுமே. "இவ்வளவு இழுவை வேண்டும்" என்று பெடல் கேட்கிறது. தகட்டை எவ்வளவு திறப்பது, எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, தீப்பொறியை எப்போது விடுவது, புகையின் விசையில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தை எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஈசியூ முடிவு செய்கிறது. வேகத்தடையில் நடப்பதைப் பாருங்கள். கால் எடுத்திருக்கும்போது சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்றுகின்றன. மிதித்ததும் எஞ்சின் சக்கரங்களைச் சுழற்ற வேண்டும். இந்தத் திசை மாற்றம் சட்டென நடந்தால் எஞ்சின் தன்னைத் தாங்கும் மவுண்ட்டின் மேல் ஆடி, பயணிகளின் தலை முன்னும் பின்னும் அசையும். அதைத் தவிர்க்கவே அந்தச் சில நூறு மில்லி வினாடிகளை ஈசியூ வேண்டுமென்றே மெதுவாகக் கடக்கிறது. அதோடு 1,300 அல்லது 1,400 ஆர்பிஎம்மில் டர்போவைச் சுழற்றப் போதிய புகை வருவதில்லை. இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் "ஒரு விரற்கடை".

முள் இறங்காமல் நிற்பதும் அப்படியே. தகடு சட்டென மூடினால் கலவையின் விகிதம் கெட்டு, முழுதும் எரியாத பெட்ரோல் புகையோடு வெளியேறும். மாசு விதிகள் இறுக இறுகத் தகட்டை மெல்ல மூடும் பழக்கம் கூடியிருக்கிறது.

ஆனால் ஏற்றத்தில் முழுக்க மிதித்தும் இழுக்காதது இயல்பல்ல. அந்த நேரத்தில் ஆர்பிஎம் எவ்வளவு இருந்தது?

ஆனைமலைக்காரன் எழுதியது:

இரண்டாம் கியரில் 3,000-க்கு மேல்தான் இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

காற்றோடு கலந்தவன் எழுதியது:

அந்தப் பெட்டியை நான் போட்டிருக்கிறேன். வண்டி பறக்கிறது. யோசிக்காமல் வாங்குங்கள்.

நாலாம் கியர் எழுதியது:

பறப்பது போல் தெரிவது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் 30 சதவீதம் மிதித்தால், 50 சதவீதம் மிதித்ததாக அந்தப் பெட்டி ஈசியூவிடம் சொல்கிறது. காலை இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய அதே இழுவைதான் அது. முழுக்க மிதித்த பிறகு கூட்டிச் சொல்ல அதனிடம் எதுவும் மிச்சமில்லை. மேலும், மழை நேரத்து மலைப்பாதையிலும், பின்னால் எடுத்துப் பார்க் செய்யும்போதும் பெடலின் மென்மை உங்களுக்கு வேண்டியிருக்கும். அதை விலை கொடுத்து இழப்பானேன்?

ஆனைமலைக்காரரே, வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஈசியூவின் அளவுகளைப் படிப்பதற்கென்று இருக்கும் ஓபிடி துளையில் செருகும் புளூடூத் கருவியும் கைபேசிச் செயலியும் போதும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடல் நிலை "டி", "இ" என்ற இரண்டு அளவுகளையும் காலை எடுத்த நிலையிலும் முழுக்க மிதித்த நிலையிலும் குறித்து எழுதுங்கள். காலை எடுத்த பிறகும் "டி" 15 சதவீதம் காட்டினால் பதற வேண்டாம். அது சென்சாரின் வோல்டேஜ், உங்கள் காலின் அளவன்று.

ஆனைமலைக்காரன் எழுதியது:

அளந்துவிட்டேன். காலை எடுத்த நிலையில் டி 15.3, இ 7.5. தரையோடு தரையாக மிதித்த நிலையில் டி 61.2, இ 30.6. இதில் பிழை ஏதும் தெரிகிறதா?

நாலாம் கியர் எழுதியது:

சென்சார்கள் நன்றாக இருக்கின்றன; இரண்டு நிலையிலும் ஒன்று மற்றதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. பட்டறையில் எர்ரர் வராததற்கும் காரணம் அதுவே: பெடல் பொய் சொல்லவில்லை, முழுக்கக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட பெடல்களில் முழு மிதியில் டி 80-ஐ ஒட்டி வர வேண்டும். தரையோடு மிதித்தேன் என்கிறீர்கள், அது தரைதானா? பெடலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள்.

ஆனைமலைக்காரன் எழுதியது:

எனக்கே வெட்கமாக இருக்கிறது. பழைய உரிமையாளர் தையல் போட்ட தடித்த மேட் ஒன்றை ஒட்டியிருக்கிறார். சேறு படாமல் இருக்கட்டும் என்று நான் அதன் மேல் ஒரு ரப்பர் மேட்டையும் விரித்திருந்தேன். இரண்டும் சேர்ந்து என் கட்டைவிரல் அகலத்துக்கு உயரம். ரப்பர் மேட்டில் பெடலின் கீழ் விளிம்பு பதிந்த பிறை வடிவத் தழும்பே இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு மிதித்தால் டி 79.2, இ 39.6.

நாலாம் கியர் எழுதியது:

காலை எடுத்த நிலையின் 15.3-ஐ இரண்டிலும் கழித்துக் கணக்குப் போட்டால், பெடலின் முழு நீளத்தில் ஏறக்குறைய 72 சதவீதத்தோடு உங்கள் கால் நின்றிருக்கிறது. சில வண்டிகளில் அந்த இடத்திலேயே பெரும்பகுதி இழுவை வந்துவிடும். சிலவற்றில் கடைசிப் பகுதிக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். இன்னொன்று, முழு மிதியை உணர்ந்ததும் ஏசி கம்ப்ரஸரைச் சில வினாடிகள் நிறுத்தி அந்தச் சக்தியையும் சக்கரத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு பல சிறிய வண்டிகளில் உண்டு. உங்கள் ஈசியூ அந்த முழு மிதியைப் பார்த்ததே இல்லை.

பழைய பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, இழுவை குறைந்ததை விடப் பெரிய ஆபத்திலிருந்து தப்பியிருக்கிறீர்கள். அந்த ரப்பர் மேட் நகர்ந்து பெடலின் மேல் ஏறி அமர்ந்திருந்தால், மிதித்த பெடல் திரும்பியிருக்காது. 2009-இல் அமெரிக்காவில் டொயோட்டா பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது பெடலில் மேட் சிக்கும் அபாயத்துக்காகத்தான். கோளாறு மின்னணுவியலில் இருக்குமோ என்று நாசா பொறியாளர்கள் வரை ஆராய்ந்தார்கள்; தானாக வண்டி பாயக் காரணமான மின்னணுப் பழுது எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்று 2011-இல் அறிவிக்கப்பட்டது. மேட்டின் மேல் மேட் போடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

மேட்டை எடுத்த பிறகும் ஏற்றத்தில் திணறினால், ஏர் ஃபில்டரையும் டர்போவிலிருந்து வரும் குழாயின் கிளிப்புகளையும் பாருங்கள். காற்றுத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ய 31,000 கிலோமீட்டர் மிகவும் சீக்கிரம். யாராவது செய்தே தீருவேன் என்றால், தகட்டை விரலால் தள்ள விடாதீர்கள். உள்ளே மோட்டாரும் பற்சக்கரங்களும் இருக்கின்றன.

ஆனைமலைக்காரன் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அதே நான்கு பேருடன், அதே ஏசியுடன் வால்பாறைக்கு ஏறி இறங்கினேன். முந்த வேண்டிய இடத்தில் முழுக்க மிதித்தபோது வண்டி தயங்காமல் இழுத்தது. வேகத்தடைக்குப் பிறகான தயக்கம் அப்படியேதான் இருக்கிறது. இப்போது வண்டி ஏறக்குறைய நிற்கும் நிலைக்கு வந்தால் முதல் கியருக்கு இறங்குகிறேன், மற்ற நேரம் முள்ளை 1,800-க்குக் கீழே விடுவதில்லை. கிளட்ச்சுக்கு முன்பே காலை அரை நொடி எடுத்தால் முள் தொங்குவதும் அவ்வளவாகத் தெரியவில்லை.

பெட்டி வாங்கவில்லை. மேட்டை மாட்டுவதற்கான இரண்டு கொக்கிகள் ஓட்டுநர் பக்கத் தரையில் இத்தனை நாள் வெறுமனே இருந்ததை இப்போதுதான் பார்த்தேன். அவற்றில் பொருந்தும் மேட்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.