வீட்டில் வந்து போகும் துர்நாற்றம்: காரணம் தெரியவில்லை, உதவுங்கள்

மாடிவாசி:
வணக்கம். எங்கள் அடுக்குமாடி வீட்டில் சில வாரங்களாக ஒரு துர்நாற்றம் வந்து வந்து போகிறது. தரையைக் கழுவினோம், குப்பைக்கூடையை மாற்றினோம், திரைச்சீலைகளைத் துவைத்தோம், கழிவறையில் கிருமிநாசினி ஊற்றினோம், எதனாலும் பயனில்லை. பிளம்பர் ஒருவரும் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிச் சென்றார். விரைவில் விருந்தினர் வரவிருப்பதால், தெரிந்தவர்கள் உடனே வழி சொல்ல வேண்டுகிறேன்.

நீர்மட்டம்:
எந்த அறையில், எந்த நேரத்தில், எதைப் போன்ற நாற்றம் என்ற மூன்றையும் நீங்கள் சொல்லவில்லை. அழுகிய முட்டையா, செத்த பிராணியா, பூஞ்சையா, கருகிய பிளாஸ்டிக்கா என்பதைப் பொறுத்துத் தேடும் இடமே மாறிவிடும். அதற்கு முன் ஒன்று: சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது, கசிவை உணர்த்துவதற்காகவே கந்தகம் கலந்த ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். உருளையில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோரம் தங்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு மேலே ஏறும். ஐயம் இருந்தால் மின்விசைகளைத் தொடாமல் சன்னல்களைத் திறந்து, வாயுவை அடைத்துவிட்டு வெளியே வந்து, உரியவர்களை அழையுங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு மற்றவற்றைப் பேசலாம்.

எலிப்பொறி:
பொய்க்கூரைக்கு மேல் எலி செத்துக் கிடக்கிறது. கழுவியும் போகாத நாற்றத்துக்கு வேறு காரணமே கிடையாது. சமையலறை அலமாரிகளின் பின்புறத்தையும் குழாய்கள் நுழையும் துளைகளையும் பாருங்கள்.

பழையமின்னாளர்:
மீன் வாடையைப் போல இருக்கிறதா என்று கவனியுங்கள். சுவிட்சுகளையும் பிளக் பாயிண்டுகளையும் செய்யப் பயன்படும் சிலவகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறும்போது மீன் வாடையோ மூத்திர வாடையோ வீசும். வயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்தால், கீசர் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் கருவி ஓடும் நேரத்தில் மட்டும் அந்த இடம் சூடாகும். ஆகவே நாற்றமும் வந்து வந்துதான் போகும். இதை அலட்சியப்படுத்தினால் தீவிபத்தில் முடியலாம். எந்த மூடியாவது நிறம் மாறியிருந்தால் மின்தொடர்பைத் துண்டித்த பிறகே கழற்ற வேண்டும்.

அளவுகோல்:
இதே கேள்வியை வாரந்தோறும் யாராவது ஒருவர் கேட்கிறார். பழைய இழைகளைப் படிக்க மட்டும் எவருக்கும் பொறுமை இல்லை. வீட்டில் எங்கு எத்தனை வடிகால்கள் இருக்கின்றன என்று தெரியாமலேயே ஒருவர் பல ஆண்டுகள் குடியிருந்துவிட முடிகிறது. அன்பரே, முதலில் ஒரு தாளை எடுத்து வீட்டின் வரைபடத்தை வரையுங்கள். உங்களுக்கு வேண்டியது பிளம்பர் அல்ல, கவனம்.

மாடிவாசி:
எரிவாயு இல்லை, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிச் சோதித்தாகிவிட்டது, குமிழ் எதுவும் வரவில்லை. அழுகிய முட்டை வாடைதான். படுக்கையறையில், இரவில். அதையொட்டிய குளியலறையில் அவ்வளவாகத் தெரியவில்லை.

நீர்மட்டம்:
இப்போதுதான் நீங்கள் கேள்வியையே கேட்டிருக்கிறீர்கள். அழுகிய முட்டை வாடை பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு; கழிவுக் குழாய்களில் உயிர்வளி இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்குவது. காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருந்தாலே மூக்கு அதை அறிந்துவிடும். ஆனால் சற்று நேரம் அதே காற்றில் இருந்தால் மூக்கு பழகிப்போய் உணர்வதை நிறுத்திவிடும். ஆகவே "குளியலறையில் தெரியவில்லை" என்பதை நான் முழுமையாக நம்பமாட்டேன். வெளியே போய் நல்ல காற்றில் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, ஒவ்வொரு அறையிலும் முதல் மூச்சில் தெரிவதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வடிகாலுக்கும் கீழே வளைந்த ஒரு பகுதி இருக்கும், டிராப் என்பார்கள். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர், வழக்கமாகச் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழம், கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் பூட்டிவைக்கிறது. யாரும் பயன்படுத்தாத தரைவடிகாலில் அந்த நீர் சில வாரங்களில் ஆவியாகிவிடும். இன்னொரு வழியும் உண்டு: மொட்டைமாடிக்குச் செல்லும் காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால், மேல்வீட்டில் யாராவது மொத்தமாக நீரை இறக்கும்போது உங்கள் டிராப்பின் நீரை அது உறிஞ்சி இழுத்துவிடும், அப்போது வடிகாலில் களகளவென்று ஒலி கேட்கும். ஒவ்வொரு வடிகாலின் வாயையும் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டிவைத்து, சில மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பாருங்கள். கீசரை அடிக்கடி போடுவீர்களா, அறையில் ஏசி உண்டா, குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

எலிப்பொறி:
படுக்கையறையில் வடிகாலே இல்லை, ஆகவே எலி. இதில் என்ன ஆராய்ச்சி?

தாழ்வாரம்:
எலியாக இருந்தால் இரவில் மட்டும் நாறிவிட்டுப் பகலில் ஓய்வெடுக்காது. செத்த உடலின் நாற்றம் நாளுக்கு நாள் ஏறி, உச்சத்தை அடைந்து, உடல் உலர்ந்ததும் தேயும்; கூடவே பச்சை நிற ஈக்கள் வரும். என் ஐயமெல்லாம் கீசரின் மேல்தான். வெந்நீர்த் தொட்டியில் துருப்பிடிப்பதைத் தடுக்கப் பொருத்தியிருக்கும் மக்னீசியக் கம்பியும் நீரில் உள்ள சல்பேட்டும் சிலவகை நுண்ணுயிரிகளும் சேர்ந்தால் இதே முட்டை வாடை வரும். ஒரு குவளை வெந்நீரைப் பிடித்து வேறு அறைக்கு எடுத்துச் சென்று முகருங்கள். அங்கும் நாறினால் குற்றம் நீரில், இல்லாவிட்டால் வடிகாலில்.

அளவுகோல்:
இவ்வளவு நீட்டி முழக்க வேண்டியதில்லை. எல்லா வடிகால்களிலும் பிளீச்சிங் திரவத்தை ஊற்றி, தொடர்ந்து அமிலத்தையும் ஊற்றிவிட்டு, இரவு முழுவதும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்கள். நாற்றம் தானாகப் போய்விடும்.

பழையமின்னாளர்:
தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். பிளீச்சிங் திரவமும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும்; மூடிய குளியலறையில் அது நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். மற்றவர்களுக்குக் கவனம் போதிப்பவர் இப்படி எழுதுவது முறையல்ல.

அளவுகோல்:
ஒன்றையடுத்து ஒன்று என்றால், இடையில் நீர்விட்டுக் கழுவ வேண்டும் என்பது எவருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொன்றையும் விரித்து எழுத முடியாது. எக்ஸாஸ்ட் ஃபேன் பற்றி நான் சொன்னதை மறுக்க உங்களால் முடியாது.

காற்றாடி:
நான் மறுக்கிறேன். விசிறி காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சன்னல்களையும் கதவுகளையும் இறுக மூடிவிட்டால் வீட்டுக்குள் அழுத்தம் குறைகிறது. அப்போது வறண்ட டிராப்பும் சுவர்த்துளையும் கழிவுக் குழாயின் காற்றை உள்ளே இழுக்கும் வாய்களாகிவிடும். நாற்றத்தைப் போக்குவதற்காகப் போட்ட விசிறியே அதை அழைத்துவருவது நடக்கக்கூடியதுதான்.

அளவுகோல்:
அப்படியானால் விசிறியைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும் அறிவிலிகளா? காற்று வெளியேறினால் நாற்றமும் வெளியேறும். இது பள்ளிப் பாடம்.

காற்றாடி:
ஈரத்தை வெளியேற்ற விசிறி நல்லதுதான். அதனை நான் குறை சொல்லவில்லை. வெளிக்காற்று வர வழி விட்டிருக்கிறார்களா என்பதே கேள்வி. இழையைத் தொடங்கியவர் சன்னலைச் சற்றே திறந்துவைத்து ஓர் இரவும், விசிறியை நிறுத்திவிட்டு ஓர் இரவும் பார்த்தால் நம் இருவரில் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும்.

மாடிவாசி:
வடிகால்களை மூடிவைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்தேன், எதிலும் வாடை இல்லை, வெந்நீரிலும் இல்லை. ஈரம் போவதற்காக எக்ஸாஸ்ட் ஃபேன் இரவெல்லாம் ஓடும், அப்போது சன்னல்கள் மூடியிருக்கும். ஸ்பிளிட் ஏசி இருக்கிறது, ஆனால் சில மாதங்களாகப் போடவே இல்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நீர்மட்டம்:
தொடர்பு உண்டு, அநேகமாக அதுவேதான். ஏசி ஓடும்போது உள்ளலகில் சேரும் நீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக வடிகிறது. அந்தக் குழாயை வெளியே விடாமல் சுவருக்குள்ளேயே கொண்டுபோய்க் குளியலறைக் கழிவுக் குழாயில், டிராப்பைத் தாண்டிய இடத்தில் சேர்த்துவிடுவது பல கட்டடங்களில் நடக்கிறது. குழாயில் எங்காவது வளைவு இருந்தால் ஏசி ஓடும் மாதங்களில் அதில் நீர் தேங்கி நாற்றத்தைத் தடுத்திருக்கும். ஏசி நின்றதும் அது உலர்ந்துவிட்டது. இப்போது உங்கள் எக்ஸாஸ்ட் ஃபேன், கழிவுக் குழாயின் காற்றை ஏசியின் வழியாகப் படுக்கையறைக்குள் இழுக்கிறது. அதனால்தான் குளியலறையை மட்டும் பார்த்த பிளம்பர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. உள்ளலகின் கீழிருந்து வரும் குழாயைக் கழற்ற முடிந்தால், சுவருக்குள் செல்லும் முனையைப் பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டிவிட்டு ஓர் இரவு பாருங்கள். அந்த முனை கட்டியிருக்கும்போது ஏசியைப் போட வேண்டாம். நீர் சுவரில் வழியும்.

தாழ்வாரம்:
அந்தக் குழாயில் சிறிது தண்ணீர் ஊற்றினால் போதாதா?

நீர்மட்டம்:
வளைவு இருந்தால் சில வாரங்களுக்குப் போதும். பிறகு மறுபடி உலரும். தரைவடிகாலாக இருந்தால் நீரின் மேல் சிறிது எண்ணெய் மிதக்கவிட்டு ஆவியாவதைத் தாமதப்படுத்தலாம். ஏசி குழாயில் அது அழுக்கைச் சேர்த்து அடைப்பை உண்டாக்கும் என்பதால் நான் பரிந்துரைக்கமாட்டேன். குழாயைக் கழிவுக் குழாயோடு நேரடியாக இணைக்காமல், டிராப் உள்ள ஒரு வடிகாலின் வாய்க்கு மேல் சற்று இடைவெளி விட்டு நீர் சொட்டுமாறு அமைப்பதே நிலையான தீர்வு.

மாடிவாசி:
குழாய் முனையைக் கட்டினேன், விசிறி ஓடியும் வாடை வரவில்லை. ஏசி மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

காற்றாடி:
விசிறியை நிறுத்தி, குழாயைத் திறந்துவைத்து ஒருமுறை பார்த்தீர்களா? அதைச் சொன்னால்தான் என் வாதம் முழுமை பெறும்.

நீர்மட்டம்:
மெக்கானிக் இடைவெளி விட்டுச் சொட்டும்படி மாற்றினாரா, அல்லது பழைய இணைப்பிலேயே ஒரு டிராப்பைச் சேர்த்தாரா என்பதையும் எழுதுங்கள். டிராப் மட்டும் என்றால் ஏசி ஓடாத மாதங்களில் அவ்வப்போது நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

அளவுகோல்:
பயன் பெற்றதும் மறைந்துவிடுவார்கள். இதைத்தான் நான் முதலிலேயே எதிர்பார்த்தேன்.

எலிப்பொறி:
எதற்கும் பொய்க்கூரையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.