பள்ளிக்கூடம் குரூப்: படம் வரையிற மேடம் வாராங்க

*ஞாயிறு இரவு*

ஹெச்எம் டீச்சர்: அனைவருக்கும் வணக்கம். பிஇஓ (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல அனுமதி கிடைச்சிருச்சு. படக்கதைப் புத்தகத்துக்கு படம் வரையிற ஓவியர் மேடம் நம்ம பள்ளிக்கு வர்றது உறுதி. சென்னையில இருந்து பொதிகை ரயில்ல வந்து தென்காசில இறங்குறாங்க. புதன் வச்சுக்கலாமா வியாழன் வச்சுக்கலாமா

அண்ணாச்சி கடை: ரொம்ப சந்தோஷம் டீச்சர் 🙏 ஃப்ளெக்ஸ் என் பொறுப்பு, ஆறுக்கு நாலு போதுமா இல்ல பத்துக்கு எட்டாவே அடிச்சிரவா

தலைவி மதினி: புதன் வேண்டாம் டீச்சர், புதன்கிழம காலச் சாப்பாடு பொங்கல்லா, தின்னுட்டு ஒண்ணாப்பு ரெண்டாப்பு பூரா பத்தரைக்கே சொக்கிரும். வியாழன் உப்புமா, அதான் நல்லது

ரெண்டாப்பு டீச்சர்: 😂😂 நூத்துக்கு நூறு உண்மை

ஹெச்எம் டீச்சர்: சரி வியாழன். 86 பிள்ளைங்களும் ஒரே இடத்துல உக்கார ஷாமியானா போடணும், மைக் செட்டுக்கு யாராவது சொல்லுங்க

சென்னை தங்கச்சி: டீச்சர் ஒரு நிமிஷம். அண்ணாச்சி கோவிச்சுக்கிடாதீங்க. நான் அவங்ககிட்ட நேத்து ரொம்ப நேரம் பேசினேன், ஃப்ளெக்ஸ் மேடை மைக் எதுவும் வேண்டாம்ங்காங்க, பிள்ளைங்ககூட தரையில உக்காந்துக்கிடுவாங்களாம். அவங்க கேட்டது ஒண்ணுதான், வாரதுக்கு முன்னாடியே அவங்க படம் போட்ட புக்க பிள்ளைங்க பாத்திருக்கணும், ஒரு தடவ இல்ல நாலஞ்சு தடவ, தெரியாத ஆளு வந்து தெரியாத புக்க காட்டினா பிள்ளைங்க கைதட்டும் அதோட சரி, பாத்துப் பழகின புக்குன்னா சண்டைக்கு வரும் இந்தப் பூனைக்கு ஏன் வாலக் காணும்னு, அந்தச் சண்டைக்காகத்தான் அவங்க ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வாராங்க

அண்ணாச்சி கடை: ஃப்ளெக்ஸ் இல்லாம ஒரு விசேஷமா 😔

ரெண்டாப்பு டீச்சர்: புக்குக்கு எங்க போக? நம்ம பீரோல நேஷனல் புக் டிரஸ்ட் புக்குதான் இருக்கு, அதுல இவங்க வரைஞ்சது ஒண்ணும் இல்ல, பாத்துட்டேன்

சென்னை தங்கச்சி: அவங்க வரைஞ்ச ரெண்டு கதை ஸ்டோரிவீவர் சைட்ல கெடக்கு டீச்சர், பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்சது, தமிழ்லயே இருக்கு, காசு கிடையாது, டவுன்லோட் பண்ணி கலர் பிரின்ட் எடுத்துக்கிடலாம். கிரியேட்டிவ் காமன்ஸ்னு, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கிற உரிமத்துல குடுத்திருக்காங்க, முக்கியமான கண்டிஷன் எழுதினவங்க பேரும் வரைஞ்சவங்க பேரும் கூடவே இருக்கணும். அதனால பேரு போட்ட பக்கம் எதுக்கு, ஒரு பிரின்ட் காசு மிச்சம்னு அத விட்டுராதீங்க அண்ணாச்சி

அண்ணாச்சி கடை: கரெக்டா கண்டுபிடிக்கியே தாயி

ஓய்வு வாத்தியார்: இது முக்கியமான விஷயம். நாங்க சின்னதுல அம்புலிமாமா படிப்போம். விக்கிரமாதித்தன் உருவின வாளோட வேதாளத்தத் தோள்ல போட்டு நடந்து வருவானே, அந்தப் படத்தப் பாத்தா ராத்திரி வெளியே போகமாட்டோம். அத வரைஞ்சவரு சங்கர்னு எனக்கு வேலைக்கு சேந்தப்புறம்தான் தெரியும். நம்ம தமிழ்நாட்டுக்காரரு, 2020ல தவறிட்டாரு. படம் எல்லாருக்கும் மனப்பாடம், ஆள ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைங்க பேரச் சொல்லிப் பழகட்டும்.

தலைவி மதினி: சார் சொன்னா சரி. ஆனா பொன்னாடை கூட இல்லாம எப்படி, ஊருக்கு வந்தவள வெறுங்கையோட அனுப்பினோம்னு ஆயிரும்

ஆட்டோ மாமா: ஷீல்டு வாங்குவோம், செங்கோட்டைல 1200 ரூவாக்கு நல்ல கண்ணாடி ஷீல்டு இருக்கு, பேரு பொறிச்சுத் தருவான்

சென்னை தங்கச்சி: மாமா ஷீல்டு வச்சு அவங்க என்ன செய்ய. வாடகை வீடு, பெயிண்டும் பேப்பரும் வைக்கவே இடம் இல்லாம கெடக்கு. நான் நேராவே சொல்லுதேன், அவங்களுக்குப் பணம் குடுக்கணும். படம் வரையிறது அவங்க பொழப்பு, ஒரு புக்குன்னா மாசக்கணக்கா உக்காரணும், இங்க வந்துட்டுப் போறதுக்கு போக ஒரு ராத்திரி வர ஒரு ராத்திரி நடுவுல ஒரு பகல், அத்தனைக்கும் அங்க வேல நிக்கும். பெரிய பெரிய ஸ்கூல்காரங்களே கூப்பிட்டு நாலு மணி நேரம் பேச வச்சுட்டு பூங்கொத்தும் கேடயமும் குடுத்து அனுப்புதாங்க, கேட்டா குழந்தைகளுக்காகத்தானேங்காங்க. பூங்கொத்த வச்சு கரண்ட் பில் கட்ட முடியுமா

தலைவி மதினி: அதுவும் வாஸ்தவம்தான். நான் பீடி சுத்திக் கொண்டு போனா ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு எண்ணித்தானே வாங்குதேன், தட்டைப் பாத்துட்டு ஏசென்டு சால்வ போத்தினா அந்த சால்வையாலயே அவன் கழுத்த நெரிச்சிருவேன் 😄 எவ்வளவு குடுக்கணும் சொல்லு

சென்னை தங்கச்சி: ரயில் டிக்கெட் போக வர, அதுபோக 5000. அவங்க வழக்கமா வாங்குறதுல இது கம்மி, கவர்மென்ட் ஸ்கூல்னு ஒத்துக்கிட்டாங்க

திருப்பூர் தம்பி: 3000 நான் போடுதேன் அக்கா. ஜிபே நம்பர் தனியா அனுப்புங்க

ஓய்வு வாத்தியார்: 1000.

அண்ணாச்சி கடை: ஃப்ளெக்ஸ் காசு மிச்சம் ஆச்சுல்லா, அத போடுதேன். பிரின்டும் நானே எடுத்துத் தாரேன், பேரு போட்ட பக்கத்தோட 😏

ஹெச்எம் டீச்சர்: மீதிய நான் பாத்துக்கிறேன். இன்னொரு விஷயம், அன்னைக்கு பிள்ளைங்க முகம் தெரியிற மாதிரி போட்டோவ யாரும் ஸ்டேட்டஸ்லயோ பேஸ்புக்லயோ போடக் கூடாது. இந்த குரூப்போட நிக்கணும்.

*செவ்வாய் மாலை*

ரெண்டாப்பு டீச்சர்: ரெண்டு கதையையும் நேத்தும் இன்னைக்கும் வாசிச்சாச்சு. ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், சந்தைக்குப் போற கதையில ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு பல்லி ஒளிஞ்சிருக்கு, கதையில பல்லியப் பத்தி ஒரு வார்த்த கிடையாது, நான் எத்தன தடவ வாசிச்சேன் கண்ணுல படவே இல்ல. ஒண்ணாப்புப் பிள்ளை ஒருத்திக்கு இன்னும் எழுத்துக்கூட்டக்கூட வராது, அவதான் டீச்சர் இந்தா பல்லி இந்தா பல்லின்னு விரல வச்சுக் காட்டுதா. அப்புறம் எங்க வாசிக்க, கிளாஸ் பூரா பல்லி தேடல்தான்

நாலாப்பு பையன் அம்மா: எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான் டீச்சர், கடைசி பக்கத்துல பல்லி எங்கன்னு அவங்க அப்பாவ தூங்க விடல

ஹெச்எம் டீச்சர்: சாமான் லிஸ்ட் வந்திருக்கு. சார்ட் 40, பழைய தமிழ் பேப்பர் ஒரு கட்டு, கலர் சாக்பீஸ், போஸ்டர் கலர்ல சிவப்பு மஞ்சள் நீலம் கருப்பு மட்டும். அழிரப்பரும் ஸ்கேலும் பிள்ளைங்க கையில இருக்கவே கூடாதுன்னு தனியா எழுதியிருக்காங்க

ஆட்டோ மாமா: ரப்பர் இல்லாம எப்படி வரைய, தப்பாப் போனா?

சென்னை தங்கச்சி: அதுக்குத்தான் மாமா. ரப்பர் கையில இருந்தா பாதிப் பிள்ளைங்க பீரியடு முடியிற வர ஒரு மூக்கையே அழிச்சுட்டு இருக்கும்

ஹெச்எம் டீச்சர்: 86 பேரையும் ஒண்ணா உக்கார வைக்கல. ஒண்ணு ரெண்டு முதல்ல 40 நிமிஷம். மூணு நாலு அஞ்சு அப்புறம் ஒண்ணேகால் மணி நேரம்.

தலைவி மதினி: மத்தியானச் சாப்பாடு எங்க வீட்டுல. சொதி வைக்கேன், இஞ்சித் தொவையலும். மேடம் சைவமா அசைவமா கேட்டுச் சொல்லுங்க

சென்னை தங்கச்சி: சொதின்னா ஆளு இங்கேயே குடி வந்துருவாங்க மதினி

*புதன் இரவு*

ஆட்டோ மாமா: *ஃபார்வர்ட்:* நாளை வியாழன் காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை மாதாந்திர பராமரிப்புப் பணி காரணமாக கீழ்க்கண்ட பகுதிகளில் மின்தடை...

ஹெச்எம் டீச்சர்: ஐயோ நம்ம ஊரு இருக்கா

ஆட்டோ மாமா: மூணாவது பேரே நம்ம ஊருதான் டீச்சர்

ரெண்டாப்பு டீச்சர்: ஸ்மார்ட் போர்டுல படம் காட்டணும்னு எல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேனே 😭 சாரல் வேற விட மாட்டேங்குது, கரண்ட் இல்லன்னா கிளாஸ் ரூம் இருட்டா இருக்கும்

அண்ணாச்சி கடை: ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்போமா, கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட கேக்கட்டா

சென்னை தங்கச்சி: நாங்க ரயில்ல ஏறியாச்சு. மேடம்கிட்ட சொன்னேன். கரும்பலகை இருக்குல்லா அப்போ கரண்ட் எதுக்குன்னு கேட்டுட்டு மேல் பெர்த்துல ஏறிப் படுத்துட்டாங்க

ஹெச்எம் டீச்சர்: அப்போ சத்துணவுக் கூடத்து வராண்டா. வெளிச்சம் இருக்கும். காலையில யாராவது ரெண்டு பேர் வந்து பெருக்கிக் குடுங்க

தலைவி மதினி: நான் வாரேன். சாக்பீஸ்ல வரைய தூக்கு போர்டு ரெண்டாங் கிளாஸ்ல இருக்குல்லா அதையும் எடுத்து வைப்போம்

*வியாழன் காலை*

ஆட்டோ மாமா: மேடம் ஏறியாச்சு, தங்கச்சியும் ஏறியாச்சு

ஆட்டோ மாமா: கொஞ்சம் லேட்டாகும் டீச்சர். வழில கெடை ஆடு போச்சு, நிறுத்துங்கன்னு இறங்கி சின்ன நோட்டுல வரைய ஆரம்பிச்சிட்டாங்க. ஆட்டுக்காரரு என்னமோ சர்வே எடுக்க வந்த ஆபீசர்னு நெனச்சு எண்ணிக்கைய கொறச்சுச் சொல்லுதாரு

தலைவி மதினி: 😂😂😂

*வியாழன் மாலை*

திருப்பூர் தம்பி: என்ன ஆச்சு யாராவது சொல்லுங்க, காலையில இருந்து குரூப்ப பாத்துட்டே இருக்கேன், சூப்பர்வைசர் ரெண்டு தடவ ஏசிட்டான்

ரெண்டாப்பு டீச்சர்: சொல்லுதேன் தம்பி இப்போதான் உக்காந்தேன். முதல்ல சின்னப் பிள்ளைங்க, அது அவ்வளவு சரியா வரல, உண்மைய சொல்லணும்லா, நாப்பது நிமிஷம்னு வச்சது எல்லாரும் உக்காந்து பல்லி விஷயம் பேசி முடிக்கவே சரியாப் போச்சு, கடைசி வரிசைப் பிள்ளைங்களுக்கு கலரே கையில வரல. பெரிய பிள்ளைங்கதான் அருமை. ஆளுக்கு ஒரு நியூஸ் பேப்பர் தாள் குடுத்து மூணு தடவ மடிக்கச் சொன்னாங்க, எட்டு இதழ் வருது, முன்னும் பின்னும் எண்ணினா 16 பக்கம். அச்சடிக்கிற இடத்துல இப்படித்தான் பெரிய தாள்ல அடிச்சு மடிச்சு வெட்டுவாங்களாம், ரெண்டு தாள்னா 32, ஒண்ணரைத் தாள்னா 24, அதனாலதான் படக்கதை புக்கு 27 பக்கம் 29 பக்கம்னு வர்றதில்லன்னாங்க. எனக்கே இத்தன வருஷமா தெரியாது

ஹெச்எம் டீச்சர்: மூணாப்புல ஒருத்தன் உடனே அப்போ 40 பக்கம் வேணும்னா ரெண்டரைத் தாளா மேடம்னு கேட்டான். கணக்குப் பீரியடுல வாயே திறக்காத பையன்.

ரெண்டாப்பு டீச்சர்: அடுத்து ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரே படமா வரையச் சொன்னாங்க. எல்லாரும் மனுஷன நட்ட நடுவுல வரைஞ்சிருக்கு. மடிச்சுத் தைக்கிற மாதிரி காட்டினாங்க பாருங்க, மூக்கு தையலுக்குள்ள போயிருச்சு, ஒரு கண்ணு அந்தப் பக்கம் ஒரு கண்ணு இந்தப் பக்கம். ஒரே சிரிப்பு. முகத்தையும் எழுத்தையும் நடு மடிப்புல வைக்கவே கூடாதாம், ஓரத்துலயும் ஒட்டி வைக்கக் கூடாதாம் வெட்டும்போது போயிருமாம்

சென்னை தங்கச்சி: ஆடு மேட்டர சொல்லுங்க டீச்சர்

ரெண்டாப்பு டீச்சர்: அதுக்குத்தான் வாரேன். போர்டுல ஒரு ஆடு வரைஞ்சாங்க, வாயப் பொளந்து சிரிக்கிற ஆடு, மேலயும் கீழயும் வரிசையா பல்லு. நாலாப்புல ஒருத்தன் எந்திரிச்சான். அக்கா ஆட்டுக்கு மேல முன்பல்லு கிடையாதுன்னான். வராண்டாவே கப்சிப். ஹெச்எம் டீச்சர் டேய் உக்காருன்னு சொல்லப் போனாங்க, அதுக்குள்ள மேடம் அவன முன்னாடி கூப்பிட்டு சாக்பீஸ கையில குடுத்துட்டாங்க. அவன் கையாலயே மேல் பல்ல அழிச்சு, வெறும் ஈறுதான் இருக்கும், கீழ்ப்பல்ல வச்சு அதுல அழுத்தி இழுத்துத்தான் புல்ல அறுக்கும், கடைவாயில மட்டும் ரெண்டு பக்கமும் இருக்கும்னு விளக்கம் வேற. மேடம் நோட்ட எடுத்து எழுதிக்கிட்டாங்க

ஓய்வு வாத்தியார்: பையன் சொன்னது முழுக்க சரி. மாடும் அப்படித்தான்.

நாலாப்பு பையன் அம்மா: அது எங்க வீட்டுப் பய தான் டீச்சர் 🙈 மரியாத இல்லாம பேசிட்டானோன்னு பயந்துட்டேன்

சென்னை தங்கச்சி: மரியாதையா, அந்தம்மா சொதி சாப்பிடும்போதும் அவன் பேச்சுதான். இப்போ வரைஞ்சுட்டு இருக்கிற புக்குல ஆடு வருதாம், ரஃப் போட்டு முடிச்சாச்சாம், அதுலயும் மேல் பல்லு இருக்காம், அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி மாட்டினேன்னு சொல்லிச் சொல்லி சிரிக்காங்க

திருப்பூர் தம்பி: பிள்ளைங்க கேள்வி என்னெல்லாம் கேட்டுச்சு

ஹெச்எம் டீச்சர்: ஒரு படத்துக்கு எவ்வளவு ரூவான்னு அஞ்சாப்புப் பிள்ளை நேராக் கேட்டுட்டா. மேடம் மழுப்பாம சொன்னாங்க. கதை எழுதினவங்க இப்படி வரை அப்படி வரைன்னு திட்டுவாங்களான்னு ஒருத்தன். நிறைய புக்குல எழுதினவங்கள நேர்ல பாத்ததே இல்லை, நடுவுல எடிட்டர் இருப்பாங்கன்னு சொன்னாங்க, பிள்ளைங்க நம்பவே இல்ல.

தலைவி மதினி: அண்ணாச்சி கடைசில என்ன செஞ்சாருன்னு யாரும் சொல்லலியே

அண்ணாச்சி கடை: இந்த செய்தி நீக்கப்பட்டது

தலைவி மதினி: 😂 பைக்குள்ள மறைச்சு பொன்னாடை கொண்டாந்துட்டாரு. மேடமும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டாங்க. அந்நேரம் பாத்து சாரல் சாய்ச்சு அடிச்சிருச்சு, ஈரப் பெயிண்டு படமெல்லாம் வராண்டா ஓரத்துல காயுது, பொன்னாடைய உடனே கொடிக் கயித்துல கட்டித் தொங்க விட்டுட்டாங்க. நாலஞ்சு படம் அதுலதான் தப்பிச்சுது

அண்ணாச்சி கடை: அப்போ யாரு சொன்னது பொன்னாடை வேண்டாம்னு 😎

ஹெச்எம் டீச்சர்: கணக்கு: கவர்ல 5000, டிக்கெட் காசு தனியா குடுத்தாச்சு. மிச்சம் 640 ரூபாய் என் கையில இருக்கு, அதுல படங்களை ஒட்ட அட்டை வாங்குறேன். நல்ல படங்கள பள்ளிக் கல்வித் துறையோட ஊஞ்சல் சிறுவர் இதழுக்கு அனுப்பலாம்னு இருக்கு. பிள்ளைங்க பேரு வகுப்போட எழுதிக் குடுங்க டீச்சர்.

ரெண்டாப்பு டீச்சர்: சரி டீச்சர். அடுத்த தடவ ஒண்ணாப்புக்கும் ஒரு மணி நேரம் வேணும், இப்பவே சொல்லிட்டேன்

நாலாப்பு பையன் அம்மா: எல்லாரும் கொஞ்சம் உதவி பண்ணுங்க. மேடம் ஆட்டு வாயக் கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டுப் போயிருக்காங்களாம், மேல ஈறும் தெரியணுமாம் கீழ்ப்பல்லும் தெரியணுமாம். இவன் வந்ததுல இருந்து வெள்ளாட்டோட மல்லுக்கட்டிட்டு நிக்கான், அது வாயத் திறந்தா தலைய ஆட்டுது, தலையப் பிடிச்சா வாய மூடுது. எனக்கு ஒரு கையில போன். யாராவது ஒரு ஆம்பள ஆளு வந்தா நல்லாருக்கும்

ஆட்டோ மாமா: பத்து நிமிஷத்துல வாரேன். கொம்பு உள்ள ஆடா இல்லாத ஆடா