பிசியோதெரபி மாணவர்களுக்கு ஆன்லைனில் வழிகாட்ட யாராவது கிடைப்பீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். நான் மன்னார்குடி பக்கம், பிபிடி (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். மருத்துவமனையில் நடக்க வேண்டிய எங்கள் இன்டர்ன்ஷிப்பில் ஒரு பகுதியை ஆன்லைன் வழிகாட்டலாக மாற்றிவிட்டார்கள். பஸ் செலவு மிச்சம், சரி.

நோயாளியிடம் விவரம் கேட்பது, பயிற்சித் திட்டம் எழுதுவது எல்லாம் ஜூமிலேயே கற்றுக்கொள்ள முடிகிறது. கை வைத்துப் பார்க்க வேண்டியதில்தான் சிக்கல். பக்கவாதம் வந்தவரின் தசை இறுக்கத்தை, திருத்தப்பட்ட ஆஷ்வொர்த் அளவுகோலில் (Modified Ashworth Scale) 0 முதல் 4 வரை மதிப்பிட வேண்டும். அதில் 1-க்கும், அதைவிடச் சற்றே கூடுதல் இறுக்கமான 1+-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத்தான் தெரியும், திரையில் எங்கே தெரிகிறது?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கும் அண்ணன், அக்கா யாராவது வாரம் ஒரு மாலை எங்கள் நாலு பேரோடு பேச முடியுமா? நடவு நட்டு, களை பறித்து இடுப்பு வலியோடு வரும் பெண்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் 'குனியாதீங்க' என்று சொல்லி என்ன பயன்? வேறு என்ன சொல்கிறீர்கள் என்பதுதான் எங்களுக்கு வேண்டும். நோயாளியின் பெயர், படம் எதுவும் வேண்டாம்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குப் போகிறவர்கள் இருந்தால், ஒரு நாள் கூட வர யாரிடம் அனுமதி கேட்பது என்றும் சொல்லுங்கள். கமெண்டில் போட்டால் போதும், நானே தொடர்பு கொள்கிறேன்.