ட்ரெய்லர் இழுக்க டீசல் பிக்கப்: மைலேஜ் உண்மையில் எவ்வளவு கூடும்?

ப்ளேனோவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ப்ளேனோவில் குடியிருக்கிறோம். மூன்று ஆண்டுகளாக 28 அடி நீளமுள்ள டிராவல் ட்ரெய்லர் (உள்ளே தங்கி உறங்கக்கூடிய இழுவை வீடு) ஒன்றை அரை டன் வகைப் பெட்ரோல் பிக்கப்பில் பூட்டி இழுத்து வருகிறோம். சாமான்களும் தண்ணீரும் ஏற்றிய பின் ட்ரெய்லர் ஏறத்தாழ 7,800 பவுண்டு இருக்கும் என்பது என் கணிப்பு. 9,800 பவுண்டு வரை இழுக்கலாம் என்று வண்டியின் விவரக் கையேட்டில் போட்டிருந்ததால், தாராளமாகப் போதும் என்று நம்பித்தான் வாங்கினேன்.

கடந்த ஜூலையில் பிள்ளைகளின் விடுமுறைக்குக் கொலராடோ சென்றோம். அமரில்லோ, ரட்டோன் கணவாய், டென்வர், பிறகு ஐ-70 நெடுஞ்சாலை வழியாக மேற்கே டில்லன் என்பது பாதை. ட்ரெய்லர் இல்லாமல் நெடுஞ்சாலையில் கேலனுக்கு 18 மைல் தரும் வண்டி, ட்ரெய்லரோடு சமவெளியில் 8.5 தந்தது. அமரில்லோவை நெருங்கும்போது எதிர்க்காற்று பிடித்துக்கொண்டதும் 6.2 ஆகச் சரிந்தது. 26 கேலன் தொட்டி 160 மைலில் காலியாகிவிடும் என்ற அச்சத்தில், வழியில் கண்ட ஒவ்வொரு பங்க்கிலும் நிறுத்தி நிரப்பிக்கொண்டே போனோம். டில்லனுக்கு முன் மலையுச்சியில் வரும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது இரண்டாவது கியரில், 5,000 ஆர்பிஎம்மில், மணிக்கு 35 மைல்தான் போக முடிந்தது. மறுபக்கம் இறங்கும்போது பிரேக் கருகும் வாசனை வந்ததையும், பின் இருக்கையில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டு அமர்ந்திருந்ததையும் இன்னும் மறக்க முடியவில்லை.

அரை டன்னுக்கு அடுத்த பெரிய வகையான முக்கால் டன் டீசலுக்கு மாறினால் ட்ரெய்லரோடும் 15 மைல் கிடைக்கும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? அவ்வளவு பெரிய வண்டி வேண்டாம், 3 லிட்டர் டீசல் எஞ்சின் பொருத்திய அரை டன் வண்டியே போதும் என்கிறார் இன்னொருவர். நீண்ட நாள் இழுத்துப் பழகியவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மலையடிவாரம் (டென்வர்) எழுதியது:

வணக்கம் நண்பரே. ஏழு ஆண்டுகளாக முக்கால் டன் டீசல் வண்டியில் 9,000 பவுண்டு ட்ரெய்லரை இழுத்து வருகிறேன். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் மைலையும் கேலனையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பதால், நினைவை நம்பாமல் எண்களைச் சொல்ல முடிகிறது. சமவெளியில் மணிக்கு 62 மைல் வேகத்தில் 11 முதல் 12 வரை கிடைக்கிறது. 70 மைல் வேகத்தில் 9.5; பலத்த எதிர்க்காற்றில் 8. வெறும் வண்டியாக ஓட்டினால் 17 அல்லது 18. நண்பர் சொன்ன 15 என்ற எண், தாழ்வான சிறிய ட்ரெய்லரை நிதானமாக இழுப்பவருக்கு வாய்க்கலாம்; 28 அடி டிராவல் ட்ரெய்லருக்கு வாய்க்காது.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். மொத்த அனுமதி எடை (சுமையோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை) 8,500 பவுண்டுக்கு மேற்பட்ட பிக்கப்புகளுக்கு அரசின் மைலேஜ் அட்டை கிடையாது. ஆகவே முக்கால் டன் வண்டிகளைப் பற்றி நீங்கள் கேள்விப்படும் எண்களில் பெரும்பாலானவை உரிமையாளர்கள் சொல்பவை. அவற்றிலும் பல, வண்டியின் திரையைப் பார்த்துச் சொல்பவை. என் வண்டியின் திரை எப்போதும் அரை மைலுக்கு மேல் கூட்டியே காட்டுகிறது.

சமவெளியில் மைலேஜைத் தின்பது எடையைவிடக் காற்றுதான். உங்கள் ட்ரெய்லரின் முகம் 8 அடி அகலம், தரையிலிருந்து 10 அடிக்கு மேல் உயரம் இருக்கும். அந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 55 மைலிலிருந்து 65க்குப் போனால் தடை ஏறத்தாழ 40 சதவீதம் அதிகமாகிறது. 55 மைலில் போகும்போது 20 மைல் எதிர்க்காற்று வீசினால், 75 மைல் வேகக் காற்றைத்தான் ட்ரெய்லரின் முகம் சந்திக்கிறது. அமரில்லோவில் உங்களுக்கு நேர்ந்தது இதுவே. அதே காற்றில் டீசல் வண்டியும் தவித்திருக்கும், சற்றுக் குறைவாக. அந்தக் குறைவுக்குக் காரணம், ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட 10 முதல் 15 சதவீதம் வரை கூடுதல் ஆற்றல் இருப்பதும், 16க்கு 1 என்ற அளவில் காற்றை அழுத்தி எரிக்கும் எஞ்சின் அந்த ஆற்றலில் அதிகப் பங்கை வேலையாக மாற்றுவதும் ஆகும். பெட்ரோல் எஞ்சினோ முழுப் பளுவில் நெடுநேரம் உழைக்கும்போது, தன்னைக் குளிர்வித்துக்கொள்ளத் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கலந்து எரிக்கிறது.

மலையில்தான் கதை மாறுகிறது. உங்கள் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து 14,000 பவுண்டு என்று கொள்வோம். 7 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 55 மைல் வேகத்தில் ஏற, அந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 144 குதிரைத்திறன் சக்கரத்தில் வேண்டும். காற்றையும் டயர் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால் 200ஐத் தாண்டிவிடும். உங்கள் எஞ்சினின் திறன் கடல் மட்டத்தில் 350 என்றால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் இழப்பதால், ஐசன்ஹோவர் சுரங்கம் இருக்கும் 11,158 அடியில் 235 அளவுக்குத்தான் மிஞ்சும். அதுவும் எஞ்சின் உச்ச வேகத்தில் சுழன்றால்தான் கிடைக்கும். உங்கள் வண்டி பழுதானதல்ல; மூச்சு முட்டியிருக்கிறது, அவ்வளவே. டர்போ உள்ள டீசல் எஞ்சின் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்த இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்க்கிறது. அதன் டார்க் (சுழற்றும் விசை) 2,000 ஆர்பிஎம்முக்கு அருகிலேயே முழுமையாகக் கிடைப்பதால், எஞ்சினைக் கதறவிடாமல் ஏற முடிகிறது.

ஆனால் டீசலுக்காக நான் பணம் கொடுத்ததற்கு உண்மையான காரணம் ஏற்றமல்ல, இறக்கம். என் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த 16,000 பவுண்டு கூட்டெடை 7 சதவீதச் சரிவில் 50 மைல் வேகத்தில் இறங்கும்போது, புவியீர்ப்பு ஏறத்தாழ 150 குதிரைத்திறன் வீதம் ஆற்றலைக் கொட்டுகிறது. காற்றும் டயரும் எஞ்சினும் தின்றது போக மீதி முழுவதையும் பிரேக் தகடுகள்தான் வெப்பமாக வாங்கிக்கொள்ள வேண்டும். டீசல் வண்டியின் எக்ஸாஸ்ட் பிரேக், டர்போவின் இதழ்களை மூடிப் புகையின் வழியை அடைத்து, எஞ்சினையே தடையாக மாற்றுகிறது. சுரங்கத்திலிருந்து கீழே டில்லனுக்கு அருகிலுள்ள சில்வர்தோர்ன் வரை பிரேக்கை நான்கைந்து முறை மட்டுமே தொட்டு இறங்கியிருக்கிறேன். உங்களுக்கு வந்த கருகல் வாசனையைத் தயவுசெய்து சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹூஸ்டன்மகள் எழுதியது:

மலையடிவாரம் ஐயா சொன்ன இயற்பியலில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மைலேஜுக்காக டீசல் வாங்குவது பணக்கணக்கில் நிற்காது என்பதைக் கேள்வி கேட்டவர் அறிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 6,000 மைல் ட்ரெய்லரோடும், 9,000 மைல் வெறும் வண்டியாகவும் ஓட்டுவதாகக் கொள்கிறேன். முக்கால் டன் பெட்ரோல் வண்டி முறையே 8, 13 மைல் தருகிறது. டீசல் 11, 17 தருகிறது. கேலன் பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.70 டாலர் என்று வைத்தால், பெட்ரோலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4,330 டாலரும் டீசலுக்கு 3,980 டாலரும் ஆகும். மிச்சம் 350 டாலர்தான். டீசல் எஞ்சினுக்குக் கூடுதலாகக் கேட்கும் விலையோ சுமார் 10,000 டாலர். அந்த 350 டாலரிலும் புகையைச் சுத்திகரிக்க ஊற்றும் டெஃப் திரவம், எரிபொருள் வடிகட்டிகள், அதிக அளவு எஞ்சின் ஆயில் ஆகியவற்றின் செலவு போக எவ்வளவு எஞ்சும் என்று பாருங்கள். பின்னாளில் விற்கும்போது டீசல் வண்டிக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அது எரிபொருள் மிச்சமாகாது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வார நாள்களில் அலுவலகத்துக்கு நான்கு மைல் போய்வர மட்டும் அந்த வண்டி பயன்படப்போகிறது என்றால் டீசலைத் தவிர்ப்பது நல்லது. புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, நெடுஞ்சாலை ஓட்டத்தின் வெப்பத்தில்தான் ஒழுங்காகச் சுத்தமாகிறது. குறுகிய ஓட்டங்களில் கரி சேர்ந்துகொண்டே போய், அதை எரிப்பதற்காகவே வண்டி கூடுதல் டீசலைச் செலவிடும். எங்கள் வீட்டு வண்டி இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. சென்சார் மாற்றுவதற்குப் பணிமனைக்கு அலைந்தது தனிக்கதை.

கடைசியாக, இழுக்கும் திறன் எவ்வளவு என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் நிற அட்டை இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, லாரிகள் நிறுத்தும் இடத்திலுள்ள எடைமேடையில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

ப்ளேனோவாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சகோதரி சொன்னபடி இந்த வாரம் எடை போட்டேன். முடிவு அதிர்ச்சியாக இருந்தது. 7,800 என்று நான் நினைத்திருந்த ட்ரெய்லர் உண்மையில் 8,150 பவுண்டு. ட்ரெய்லரைப் பூட்டும் ஹிட்ச் மேல் அது அழுத்தும் எடை 1,020 பவுண்டு; இதுவும் வண்டி சுமக்கும் எடைதான். இதனோடு ஹிட்ச்சின் சொந்த எடை 90, நாங்கள் நால்வர் 570, பின்தட்டில் ஜெனரேட்டர், மிதிவண்டிகள், விறகு 310 என்று கூட்டினால் 1,990 பவுண்டு வருகிறது. கதவுத்தூணில் இருக்கும் எண் 1,580. பளுவைப் பகிரும் ஹிட்ச் இதில் சிறிதளவை ட்ரெய்லரின் அச்சுகளுக்குத் திருப்பி அனுப்பினாலும், வரம்பைத் தாண்டித்தான் மூன்று ஆண்டுகளாக ஓட்டியிருக்கிறேன். மைலேஜைப் பற்றிக் கேட்க வந்த எனக்கு, கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று இப்போது தெரிகிறது.

அப்படியென்றால் 3 லிட்டர் டீசல் அரை டன் வண்டியும் உதவாது அல்லவா?

நெடும்பயணி எழுதியது:

உதவாது. ஜெனரல் மோட்டார்ஸின் 3 லிட்டர் டியூராமேக்ஸ் அருமையான எஞ்சின். இப்போது வருவது 305 குதிரைத்திறனும் 495 பவுண்டு-அடி டார்க்கும் தருகிறது, இழுக்கும்போது மைலேஜும் பெட்ரோலைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அடியிலிருக்கும் சட்டமும் ஸ்பிரிங்கும் அச்சும் அரை டன் வண்டிக்குரியவைதாம். உங்களுடைய 1,990 பவுண்டை எஞ்சின் தூக்குவதில்லை. பின் அச்சுதான் தூக்குகிறது.

முக்கால் டன்னிலும் எச்சரிக்கை தேவை. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடப் பல நூறு பவுண்டு கனமானது. பல முக்கால் டன் வண்டிகளின் மொத்த அனுமதி எடையை 10,000 பவுண்டிலேயே நிறுத்திவிடுவதால், டீசலும் சொகுசு வசதிகளும் நிறைந்த சில வண்டிகளின் அட்டையில் 2,000க்கும் குறைவான எண்ணைப் பார்க்கலாம். ஒரே மாதிரியில் இரண்டு வண்டிகளுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஆகவே விற்பனை நிலையத்தில் நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு வண்டியின் கதவைத் திறந்து படியுங்கள். ஃபோர்டின் 7.3 லிட்டர் போன்ற பெட்ரோல் எஞ்சின் முக்கால் டன்னில் சுமையளவு தாராளமாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் கொலராடோவுக்கு ஆண்டுதோறும் போவதாக இருந்தால் 11,000 அடியில் அதுவும் மூன்றில் ஒரு பங்கை இழந்துதான் ஏறும்.

பெரிய நிறுவனங்கள் சொல்லும் இழுதிறன் எண்கள் எஸ்ஏஇ என்ற பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற பொதுத் தரத்தின்படி அளக்கப்படுபவை. அரிசோனாவின் டேவிஸ் அணைக்கருகே உள்ள நீண்ட ஏற்றத்தை ஏசியைப் போட்டபடியே, வேகம் 40 மைலுக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அது உண்மையான சோதனைதான். ஆனால் அந்த ஏற்றம் ஐசன்ஹோவரின் உயரத்துக்கு அருகில்கூட வராது.

மலையடிவாரம் (டென்வர்) எழுதியது:

எடை போட்டுப் பார்த்ததற்கு மகிழ்ச்சி, நண்பரே. புதிய வண்டி வரும்வரை தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து, விறகையும் ஜெனரேட்டரையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ட்ரெய்லர் டயரின் பக்கவாட்டில் இருக்கும் வேகக் குறியீட்டையும் பாருங்கள். பல ட்ரெய்லர் டயர்கள் 65 மைலுக்கு மேல் ஓட அனுமதிக்கப்பட்டவை அல்ல.

டீசல் வண்டியோடு மறுபடி இங்கே வரும்போது, சுரங்கத்தை விட்டு மேற்கே வெளிவந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். சுரங்கத்துக்குள் இருக்கும்போதே பளு இழுப்பதற்கென்று கியரை அமைக்கும் டோ-ஹால் முறையும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இயங்குகின்றனவா என்று உறுதிசெய்து, 45 மைலுக்குக் கீழே கொண்டுவந்து, கியரை இறக்கிவிடுங்கள். வேகம் கூடினால் பிரேக்கை ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து 40க்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிடுங்கள். காலைப் பிரேக்கின் மேலேயே வைத்துக்கொண்டு வரக்கூடாது. கீழே டில்லனில் நிறுத்தியதும் இறங்கி, ட்ரெய்லரின் நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அந்தப் பிரேக்கைச் சோதிக்காமல் திரும்பி ஏற வேண்டாம்.